சம்பந்தி வீட்டார் தியோச்சூ, நாங்கள் பட்டுக்கோட்டை: 12 பேருக்கு எந்தச் சீனச் சாப்பாடு?

#1 ஈசூன்_எட்டாம்மாடி | திங்கள், இரவு 9:40

வணக்கம். தங்கச்சிக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. மாப்பிள்ளை அவளோடு வேலை பார்ப்பவர், சிங்கப்பூர்ச் சீனர், அவர்களில் தியோச்சூ என்கிற பிரிவுக் குடும்பம். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் இன்னும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. ஊரிலிருந்து அம்மா, சித்தப்பா, அத்தை மூவரும் வந்திருக்கிறார்கள். வருகிற ஞாயிறு ராத்திரி எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவதாகப் பேச்சு. அழைப்பது நாங்கள். எங்கள் பக்கம் 7 பேர், அவர்கள் பக்கம் மாப்பிள்ளையின் பாட்டியைச் சேர்த்து 5 பேர்.

இந்திய உணவகம் போகலாம் என்றேன். தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "பாட்டிக்கு 84 வயசு, காரம் ஆகாது. சீன உணவகம்தான்" என்றுவிட்டாள். சரி, சீனம் என்றால் எங்கள் ஆட்களுக்குக் காரம் இல்லாமல் இறங்காதே என்று சிச்சுவான் உணவகம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பாட்டிக்கு மட்டும் காரமில்லாமல் இரண்டு வகை சொல்லிக்கொள்ளலாம். இது சரிப்படுமா? அத்தை சுத்த சைவம், சில நாள் வெங்காயம் பூண்டும் கிடையாது. வீட்டில் யாரும் மாடு, பன்றி சாப்பிடமாட்டோம். அம்மாவுக்கு மீன் இருந்தால் போதும்.

#2 செங்டு_ரிட்டர்ன் | திங்கள், இரவு 10:15

சிச்சுவானுக்கு என் ஓட்டு. 6 வருடம் சிச்சுவானின் தலைநகர் செங்டுவில் மருத்துவம் படித்தேன், பாதி ஆயுள் விடுதிக்குப் பின்னால் இருந்த சாப்பாட்டுக் கடையில்தான் கழிந்தது.

ஆனால் ஒன்று. ஊரில் "ஷெஸ்வான் ஃபிரைடு ரைஸ்" என்று சிவப்பாக ஒன்று தருவார்களே, அதை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே காரம் என்றால் 'மாலா'. 'லா' மிளகாய்க் காரம், 'மா' மரத்துப்போவது. அந்த மரமரப்பு ஹுவாஜியாவ் என்கிற சிறு காயின் தோலிலிருந்து வருகிறது. பேரில் மிளகு என்று சேர்த்துச் சொல்வார்கள், மிளகுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. எலுமிச்சையும் நம் கறிவேப்பிலையும் எந்தக் குடும்பமோ அந்தக் குடும்பம். எலுமிச்சைச் சாதி மரங்களுக்கு நோய் கொண்டுவரும் என்று பயந்து 1968 முதல் 2005 வரை அமெரிக்காவில் இறக்குமதிக்கே தடை இருந்தது.

மாப்போ தோஃபூ (காரக் குழம்பில் சோயாக் கட்டி) சொல்லுங்கள், ஆனால் இறைச்சி சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மாடோ பன்றியோ கொத்திப் போடுவார்கள். 'மீன் வாசனைக் கத்தரிக்காய்' என்று ஒன்று இருக்கும், அதில் மீனே கிடையாது, மீனுக்குப் போடும் தாளிப்பைக் கத்தரிக்காய்க்குப் போடுவதால் அந்தப் பேர். 'தண்ணீரில் வேகவைத்த மீன்' என்று பட்டியலில் பார்த்து நோயாளிச் சாப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். அண்டா நிறைய மிளகாய் எண்ணெய் வரும். அதை ரசம் மாதிரி குடிக்கக் கூடாது, மீனை மட்டும் பொறுக்கிச் சாப்பிட வேண்டும். முதல் வாரத்தில் நான் குடித்தேன்.

#3 கஞ்சிக்கலயம் | திங்கள், இரவு 11:02

வேண்டவே வேண்டாம். என் மாமியார் தியோச்சூ. 14 வருடமாக அந்த வீட்டு மேசையில் சாப்பிடுகிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

84 வயசு தியோச்சூப் பாட்டியைச் சிச்சுவான் கடையில் உட்காரவைப்பது, நம்ம பட்டுக்கோட்டை ஆச்சியை ராஜஸ்தான் தாபாவுக்குக் கூட்டிப்போய் "இதுவும் இந்தியச் சாப்பாடுதானே" என்று சொல்வது போல. அவர்கள் ஊர் குவாங்டோங் மாநிலத்தின் கிழக்குக் கரை, சாவ்ஜோவும் சாந்தோவும் இருக்கிற கடலோரம். சிச்சுவான் கடலே பார்க்காத உள்நாடு. சாப்பாட்டில் இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

தியோச்சூக்காரர்களுக்கு மீன் புதிதாக இருக்க வேண்டும், அதன் ருசி மறையக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். ஆவியில் வேகவைத்த வவ்வால் மீன் கண்டிப்பாகச் சொல்லுங்கள். உப்பில் ஊறிய பிளம், கியாம் சாய் என்கிற உப்பில் ஊறிய கடுகுக்கீரை, தக்காளி, தோஃபூ, இஞ்சி எல்லாம் போட்டு வரும். சில கடைகளில் மேலே பன்றிக் கொழுப்பைச் சீவிப் போடுவார்கள், முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நண்டு, மசாலாக் குழம்பில் வேகவைத்த வாத்து, இறால் உருண்டை (இதிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, கேளுங்கள்), சிப்பி ஆம்லெட். அவர்கள் ஊரில் வாத்துக்குப் பதில் பெருவாத்து, இங்கே பெரும்பாலும் சாதா வாத்துதான். ஒவ்வொரு தட்டுக்கும் தொட்டுக்கொள்ளத் தனித்தனிக் கிண்ணம் வரும். வாத்துக்குப் பூண்டு போட்ட வினிகர், இறால் உருண்டைக்குக் கும்குவாட் என்கிற குட்டி ஆரஞ்சு மாதிரிப் பழத்தின் இனிப்பான சாறு. மாற்றித் தொட்டால் பாட்டி ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் பார்ப்பார்.

கடைசியில் ஓர் நீ. சேப்பங்கிழங்கை மசித்து, சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துக் கிளறிய இனிப்பு. வழக்கமாகப் பன்றிக் கொழுப்பு. எண்ணெயில் செய்துதரச் சொன்னால் செய்வார்கள், ஆனால் முதல் நாளே சொல்ல வேண்டும்.

காரம் இல்லாவிட்டால் நம் ஆட்களுக்கு இறங்காது என்கிறீர்களே. உங்கள் அம்மா காலையில் என்ன சாப்பிடுவார்?

#4 மதுரை_மட்டன்சுக்கா | செவ்வாய், காலை 7:20

என்னங்க இவ்வளவு பேசுறீங்க, கோபி மஞ்சூரியன் பேரையே காணோம்? அத்தைக்கு அதுதானே சரி.

#5 செங்டு_ரிட்டர்ன் | செவ்வாய், காலை 8:05

மஞ்சூரியாவிலேயே அதைக் காணோம் ஐயா. என் வகுப்பில் அந்தப் பக்கத்து ஹார்பின் நகரத்திலிருந்து ஒருத்தன் இருந்தான், அவனிடம் கேட்டே பார்த்தேன். அவன் ஊரில் புளித்த முட்டைக்கோஸ், கொழுக்கட்டை மாதிரி ஜியாவ்ஸி, இனிப்புப் புளிப்பாகப் பொரித்த பன்றி இறைச்சி, இதெல்லாம்தான். நம்ம மஞ்சூரியன் 1975-இல் மும்பையில் நெல்சன் வாங் என்கிற சமையல்காரர் உண்டாக்கியதாகச் சொல்வார்கள். அவர் பிறந்தது கல்கத்தாவில். அந்த ஊர்ச் சீனர்களில் பெரும்பகுதி ஹக்கா ஆட்கள், தாங்ராவில் தோல் பதனிட்டுக்கொண்டே சமைத்தவர்கள். 'ஹக்கா நூடுல்ஸ்' என்ற பேர் அந்த வழியில் வந்தது. நல்ல சாப்பாடுதான், குறை சொல்லவில்லை. சம்பந்தி விருந்தில் வைத்தால் அவர்களுக்கு அது இந்தியச் சாப்பாடாகத்தான் தெரியும்.

#6 மதுரை_மட்டன்சுக்கா | செவ்வாய், காலை 8:11

அப்ப அது நம்ம ஊரு ஐட்டமா! பெருமையா இருக்கு.

#7 பினாங்கு_மணிக்கூண்டு | செவ்வாய், மதியம் 1:30

கஞ்சிக்கலயம் அக்கா சொல்வதுதான் சரி. இங்கே பினாங்கில் ஹொக்கியன் என்கிற இன்னொரு சீனப் பிரிவுக்காரர்கள் அதிகம், மார்க்கெட்டில் இருக்கிற நம்ம ஆட்களே ஹொக்கியனில் விலை பேசுவார்கள். ஆனால் ராத்திரிக் கஞ்சி என்றால் தியோச்சூக் கடை. உங்களுக்குப் பக்கத்து ஜொகூர் பாருவுக்கு ஒரு காலத்தில் 'குட்டி சுவாத்தோ' என்றே பேர், சுவாத்தோ என்பது அக்கா சொன்ன சாந்தோவின் பழைய பேர். மிளகும், தோல் பதனிட உதவும் கேம்பியர் செடியும் பயிர் செய்ய வந்து நிலைத்த தியோச்சூ ஆட்கள்.

சைவத்துக்கு ஒரு டிப்ஸ். 'காய்கறி மட்டும்' என்று சொன்னால் சிப்பிச் சாறு ஊற்றிக் கொண்டுவந்து வைப்பார்கள், அவர்கள் கணக்கில் அது காய்கறிதான். 'ஜியாக் சாய்' என்று சொல்லுங்கள். விரதச் சைவம் என்று புரிந்துகொள்வார்கள், அதில் பூண்டு வெங்காயமும் வராது.

#8 ஈசூன்_எட்டாம்மாடி | வியாழன், இரவு 10:50

அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் அப்புறம். முதலில் ஒத்திகை நடந்த கதை. ஞாயிறுக்கு முன்னால் பார்த்துவிடுவோம் என்று இன்றைக்கு அம்மாவையும் சித்தப்பாவையும் அந்தச் சிச்சுவான் கடைக்குக் கூட்டிப்போனேன்.

சித்தப்பாவுக்கு மிளகாய்க் கோழி வறுவல் பிடித்துப்போய்விட்டது. தட்டில் கோழியை விட வற்றல் மிளகாய் அதிகம், அந்தக் குவியலைக் குச்சியால் கிளறி ஒவ்வொரு துண்டாகத் தேடி எடுத்ததே அவருக்கு விளையாட்டாக இருந்தது. அம்மா மாப்போ தோஃபூ ஒரு கரண்டி வாயில் வைத்தாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் நாக்கை வெளியே நீட்டித் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "ஏண்டா, இதுல அக்கரகாரம் போட்ருக்கானா?" தொண்டைக்கட்டுக்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்கி மெல்லுவோமே, அந்த வேர். எச்சில் ஊறி நாக்கு மரத்துப்போகுமே, அதே உணர்ச்சிதான். மீதிச் சாப்பாட்டை வெள்ளைச் சோறும் சூப்புமாக முடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜிலிருந்து பழைய சோற்றை எடுத்து மோர் ஊற்றிக் கருவாட்டோடு சாப்பிட்டாள்.

அக்கா, அம்மா காலையில் சாப்பிடுவதும் அதுதான்.

#9 செங்டு_ரிட்டர்ன் | வியாழன், இரவு 11:20

சிச்சுவானுக்குக் கெட்ட பேர் வாங்கிக்கொடுத்துவிட்டீர்களே. அங்கேயே எல்லாம் காரம் இல்லை. தேயிலைப் புகையில் வாட்டிய வாத்து இருக்கிறது. வெறும் தண்ணீர் மாதிரித் தெரியும் தெளிவான சாற்றில் முட்டைக்கோஸ் போட்டு ஒன்று தருவார்கள், அந்தச் சாற்றுக்கு மட்டும் பல மணி நேர வேலை. மிளகாயே 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் சீனாவுக்கு வந்தது. அதற்கு முன்னாலும் அவர்கள் சமைத்துத்தான் சாப்பிட்டார்கள், நாமும்தான்.

அக்கரகாரம் உவமை ரொம்பச் சரி. என் பேராசிரியரிடம் சொல்லியிருக்கலாம்.

#10 கஞ்சிக்கலயம் | வெள்ளி, காலை 6:45

பார்த்தீர்களா! உங்கள் அம்மா தியோச்சூதான், அவருக்குத் தெரியாது.

அவர்கள் வீட்டில் மோய் என்று சொல்வது கஞ்சி. கான்டன்காரர்கள் கஞ்சியை அரிசி தெரியாமல் கூழாகக் கரைத்துவிடுவார்கள். தியோச்சூ மோயில் பருக்கை பருக்கையாக இருக்கும், தண்ணீர் தனியாக நிற்கும், நம் வடிக்காத கஞ்சி மாதிரியே. தொட்டுக்கொள்ள உப்பு முட்டை, கருவாடு, வேர்க்கடலை, சாய் போ என்கிற உப்பு முள்ளங்கி. விருந்துப் பட்டியலில் மோய் இருக்காது, கேட்டால் தருவார்கள்.

நடைமுறை விஷயங்கள், சுருக்கமாக:

வாசலைப் பார்த்த நாற்காலி பெரியவருக்கு. சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்தாதீர்கள், செத்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றுவது போல இருக்கும். மீனின் மேல்பக்கம் தீர்ந்ததும் புரட்டிப் போடக் கூடாது, படகு கவிழ்ந்துவிடும் என்பது கடலோர நம்பிக்கை. நடு முள்ளைத் தூக்கி எடுத்துவிட்டு அடிப்பக்கத்தைச் சாப்பிட வேண்டும். உங்கள் டம்ளரில் தேநீர் ஊற்றும் முன் மற்றவர்களுக்கு ஊற்றுங்கள். மாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம், குவான் இம் அம்மனைக் கும்பிடும் சீனர்கள் நிறையப் பேர் மாடு தொடமாட்டார்கள். என் மாமியாரும் அப்படித்தான்.

#11 கணக்குப்பிள்ளை | வெள்ளி, காலை 9:30

யாரும் காசைப் பற்றிப் பேசவில்லையே. பட்டியலில் 10 பேர் மேசை 750 வெள்ளி என்று போட்டிருந்தால் 750 கட்டிவிட்டு வர முடியாது. 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அந்த 825-க்கு மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. ஆக 899 வெள்ளி 25 காசு.

உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு தட்டு வேர்க்கடலை, ஈரத் துண்டு எல்லாம் வைப்பார்கள். இலவசம் இல்லை. தலைக்கு இவ்வளவு என்று பில்லில் ஏறும். வேண்டாம் என்று கையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுங்கள். போன வருடம் 14 பேருக்குத் துண்டுக்கு மட்டும் அழுதேன்.

பில் வரும்போது சண்டை நடக்கும். மாப்பிள்ளையின் அப்பா கழிவறைக்குப் போவது போல எழுந்தால் நீங்களும் எழுந்துவிடுங்கள். இல்லையென்றால் உள்ளே நுழையும்போதே கல்லாவில் கார்டைக் கொடுத்து வையுங்கள்.

#12 பினாங்கு_மணிக்கூண்டு | வெள்ளி, காலை 10:12

கடலைக்குக் காசு கொடுக்கிற வழக்கம் இங்கேயும் உண்டு. ஆனால் சம்பந்தி முன்னால் கடலையைத் திருப்பி அனுப்புகிற தைரியம் எனக்கு வராது.

#13 ஈசூன்_எட்டாம்மாடி | திங்கள், இரவு 8:30

முடிந்தது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தியோச்சூ உணவகம்தான் பதிவு செய்தேன். கணக்குப்பிள்ளை சொன்னபடி கல்லாவில் கார்டை நீட்டினேன். அந்தப் பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே கட்டியாயிற்றே" என்றாள். மாப்பிள்ளையின் அப்பா அந்தக் கடைக்கு 20 வருட வாடிக்கையாம், முதல் நாளே போன் போட்டு வேலையை முடித்துவிட்டார். சண்டை போடவே வழியில்லை.

நாற்காலியில் ஒரு ஐந்து நிமிடம் போனது. வாசலைப் பார்த்த இடத்தில் பாட்டியை உட்காரச் சொன்னோம், அவர் அம்மாவின் கையைப் பிடித்து அங்கே இழுத்தார், அம்மா இவரைத் தள்ளினாள். கடைசியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பாட்டிக்குத் தியோச்சூ தவிரக் கொஞ்சம் சந்தை மலாய் தெரியும். அதற்கு எங்கள் தாய்மாமா வாய்த்தார். 1979-லிருந்து துறைமுகத்தில் வேலை பார்த்தவர், மலாய் தண்ணீர்பட்ட பாடு. "சூடா மக்கான்?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார். சாப்பிட உட்கார்ந்தவரிடம் "சாப்பிட்டாச்சா" என்று கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வார். அதோடு இறுக்கம் போய்விட்டது.

வேர்க்கடலை வந்தது. திருப்பி அனுப்பலாம் என்று கையைத் தூக்குவதற்குள் அத்தை நாலைந்து எடுத்து வாயில் போட்டுவிட்டாள். விட்டுவிட்டேன். அந்தக் கடலையைப் பற்றி இன்னும் இருக்கிறது.

முதலில் குளிர்ந்த நண்டு. சித்தப்பா தொட்டுப் பார்த்துவிட்டு என் காதில், "ஆறிப்போச்சுப்பா, சூடு பண்ணித் தரச் சொல்லு" என்றார். அப்படித்தான் சித்தப்பா என்றேன். வினிகரில் தொட்டு ஒரு கால் சாப்பிட்டார், அப்புறம் அவரே இன்னொன்றை உடைத்தார். பிடித்ததா இல்லையா என்று கடைசி வரை சொல்லவில்லை.

வாத்து வந்ததும் அம்மா சாப்பிடவில்லை, தட்டைப் பக்கத்தில் இழுத்து மோந்து பார்த்தாள். "அன்னாசிப்பூ தெரியுது, பட்டை தெரியுது. இன்னொண்ணு என்னமோ மருந்துச் சரக்கு." கொஞ்சம் குழம்பை நாக்கில் வைத்துவிட்டு, "பேரரத்தைடா இது" என்றாள். மாப்பிள்ளையின் அம்மாவிடம் கேட்டோம். அவர் போனில் படம் எடுத்துக் காட்டினார், சிவந்த தோலோடு இஞ்சி மாதிரிக் கிழங்கு. அதேதான். சளிக்குக் கஷாயம் வைக்கிற பேரரத்தையைப் போட்டு இவர்கள் வாத்தை வேகவைக்கிறார்கள் என்பது அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை. இன்று காலையிலும் அதைத்தான் சொன்னாள்.

மீன்தான் முக்கியம். ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும், நல்ல வெள்ளை வவ்வால், தலை பாட்டியையும் அம்மாவையும் பார்க்கிற மாதிரி வைத்தார்கள். பாட்டி சின்ன வயதில் எல்லன்பரோ சந்தையில் மீன் கூடை தூக்கியவராம், 1968-இல் தீப்பிடித்து எரிந்துபோன சந்தை. மாமா மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மா ஒரு கேள்வி கேட்டாள், "நல்ல வவ்வாலை எப்படிப் பாத்து வாங்குவீங்கன்னு கேளு." மாமா மலாயில் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே பாட்டிக்குப் புரிந்துவிட்டது போல. கட்டை விரலைக் காற்றில் வைத்துச் செவுளைத் தூக்குகிற மாதிரி ஒரு நெம்பு நெம்பினார். அம்மாவும் அதே நேரத்தில் அதே மாதிரி நெம்பினாள். இரண்டு கட்டை விரலும் மேசைக்கு மேலே அந்தரத்தில். தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அவள் எதற்கெடுத்தாலும் அழுவாள், அது வேறு.

கியாம் சாய்ப் புளிப்பும் தக்காளியுமாக அந்தச் சாற்றை அம்மா சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். குச்சியை அவள் தொடவே இல்லை, யாரும் எதுவும் நினைக்கவும் இல்லை.

இப்போது தப்பு நடந்த இடம். மீனைப் புரட்டக் கூடாது என்று நீங்கள் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன், மாமாவிடம் சொன்னேன், மனைவியிடம் சொன்னேன். சித்தப்பாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். மேல்பக்கம் தீர்ந்ததும் அவர் தன் கரண்டியையும் என் கரண்டியையும் சேர்த்துப் பிடித்து, ரொம்பப் பொறுப்பாக, ஒரு துளி சாறு சிந்தாமல் மீனைப் புரட்டினார். மாப்பிள்ளையின் அப்பா முகம் ஒரு நொடி மாறியது. மாப்பிள்ளை மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். பாட்டி மட்டும் ஏதோ சொன்னார், அவர்கள் பக்கம் எல்லாரும் சிரித்தார்கள். மாமா விசாரித்துச் சொன்னார்: "எங்க வீட்டுப் படகு எல்லாம் வித்து அறுபது வருஷம் ஆச்சு, கவிழ என்ன இருக்கு?"

அத்தை கதை தனி. 'ஜியாக் சாய்' என்று பதிவு செய்யும்போதே சொன்னேன். ஆனாலும் கைலான் கீரை வந்தபோது மேலே பளபளவென்று பழுப்பாக ஒரு சாறு. கேட்டால் சிப்பிச் சாறுதான். திருப்பி அனுப்பி வேறு வருவதற்கு அரை மணி நேரம். அதுவரை அத்தை வெறும் சோறும் அந்த வேர்க்கடலையும்தான். நான் திருப்பி அனுப்பப் பார்த்த கடலை! இதைப் பாட்டி கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். பணிப்பெண்ணைக் கூப்பிட்டுத் தியோச்சூவில் படபடவென்று ஏதோ சொன்னார். பத்து நிமிடத்தில் ஒரு சட்டி மோய், ஒரு சாசரில் சாய் போ, இன்னொன்றில் உப்பில் புளிக்கவைத்த தோஃபூ. பூண்டு போடாமல் செய்யச் சொன்னாராம். அவரும் பிறை மாதத்தில் 1-ஆம் நாளும் 15-ஆம் நாளும் விரதம், அன்றைக்குப் பூண்டு வெங்காயம் கிடையாது என்று மாமா கேட்டுச் சொன்னார். அத்தைக்கு ஒரே ஆச்சரியம். "நம்ம ஏகாதசி மாதிரி" என்று மாமாவை விட்டுச் சொல்லச் சொன்னாள். மலாயில் ஏகாதசிக்கு என்ன வார்த்தையோ, மாமா எதையோ சொல்லிச் சமாளித்தார்.

சட்டி வந்ததும் அம்மா எட்டிப் பார்த்தாள். பருக்கை அடியில், தண்ணீர் மேலே. கேட்காமலே ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டாள். ஒரு வாய் கஞ்சி, ஒரு துண்டு சாய் போ. அப்புறம் இன்னொரு கிண்ணம். 12 பேர் விருந்தில் கடைசியாகப் பாக்கி இல்லாமல் காலியானது அந்தச் சட்டிதான்.

#14 மதுரை_மட்டன்சுக்கா | திங்கள், இரவு 8:52

கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுப் படிச்சேன். சித்தப்பாவை என் பக்கத்தில் உட்கார வைங்க, நானும் புரட்டித்தான் இருப்பேன்.

#15 கஞ்சிக்கலயம் | திங்கள், இரவு 9:15

ஓர் நீ சாப்பிட்டீர்களா இல்லையா? சந்தனக் கிண்ணம் அளவுக்குக் குட்டிக் கப்பில் கடும் தேநீர் தந்திருப்பார்களே?

ஒரு திருத்தம். பேரரத்தையை வைத்துத் தைரியமாக வீட்டில் வாத்து சமைக்கப் போகாதீர்கள். நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பது காய்ந்தது. இங்கே ஈரச் சந்தையில் பச்சைக் கிழங்கு கிடைக்கும், மலாயில் 'லெங்குவாஸ்'. அதுதான் வேண்டும்.

#16 ஈசூன்_எட்டாம்மாடி | திங்கள், இரவு 9:40

ஓர் நீ எண்ணெயில் செய்து தந்தார்கள். "சேப்பங்கிழங்கை வறுக்காம இப்படிப் பாழ் பண்ணிட்டானே" என்றாள் அம்மா. மாமா மூன்று கிண்ணம். எனக்குக் கொஞ்சம் திகட்டியது. தேநீரை முதல் கப் ஒரே மடக்கில் குடித்துவிட்டேன். கசப்பு. அது போன பிறகு தொண்டையில் மெல்ல ஒரு இனிப்பு நின்றது.

#17 கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 9:05

அவர்கள் கட்டிவிட்டதால் பில் எவ்வளவு என்று தெரியாமலே போயிற்று. சரி, அடுத்து நீங்கள் எப்படித் திருப்பிச் செய்யப்போகிறீர்கள்? விடக் கூடாது.

#18 பினாங்கு_மணிக்கூண்டு | செவ்வாய், மதியம் 12:40

அந்த அரை மணி நேரத் தாமதத்துக்குக் கடைக்காரன் ஏதாவது குறைத்தானா? பதிவு செய்யும்போதே சொல்லியும் சிப்பிச் சாறு ஊற்றியது மன்னிக்க முடியாதது. சைவக்காரர்கள் எல்லா ஊரிலும் இப்படித்தான் கடலை தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

#19 ஈசூன்_எட்டாம்மாடி | வியாழன், இரவு 10:05

மன்னிப்புக் கேட்டு ஆரஞ்சுத் துண்டுகள் ஒரு தட்டு வைத்தார்கள், அவ்வளவுதான்.

திருப்பிச் செய்வது ஏற்கெனவே தொடங்கிவிட்டது, எங்களைக் கேட்காமலே. நேற்று தங்கச்சி கையில் பாட்டி ஒரு பாட்டில் கியாம் சாய் கொடுத்து அனுப்பியிருந்தார், வீட்டிலேயே போட்டது. அம்மா அதைக் கழுவி, கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, பெட்டியைத் திறந்து ஊரிலிருந்து கொண்டுவந்த உப்பு நார்த்தங்காயில் பாதியை அந்தப் பாட்டிலிலேயே அடைத்து அனுப்பிவிட்டாள். இன்றைக்கு மாப்பிள்ளை படம் அனுப்பியிருக்கிறார். பாட்டி முன்னால் மோய்க் கிண்ணம், பக்கத்துச் சாசரில் கறுத்துச் சுருண்ட நார்த்தங்காய் ஒரு சுருள், பாதி கடித்தபடி.

கல்யாணம் தை மாதம். வாழை இலைச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. அவர்கள் பக்கம் 60 பேர் வருவார்கள். இலையில் எதை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் மடிப்பது என்று மாப்பிள்ளையின் அக்கா இப்போதே கேட்கிறார். அவருக்குச் சொல்ல உட்கார்ந்தால் எங்கள் வீட்டிலேயே சித்தப்பா ஒன்று சொல்கிறார், அத்தை ஒன்று சொல்கிறாள்.

#20 கஞ்சிக்கலயம் | வியாழன், இரவு 10:30

இலை மடிப்பதற்குத் தனி இழை தொடங்குங்கள். அது இதைவிட நீளமாகப் போகும். 60 பேரில் எத்தனை பேர் சைவம் என்று மட்டும் முதலில் கேட்டு வையுங்கள்.